ஓதத்தாரின் செவிச்சொல்

முந்நூற்றுப் பன்னிரண்டு உள்ளுறைகளில் முந்நூற்றுப் பதினொன்று பேசிவிட்டன. பேசாத ஒன்று இளவெயினியுடையது.

மதுரைச் சமயக் களஞ்சியக் கழகத்தின் மூன்றாம் தளம் அந்த வாரம் முழுவதும் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஓர் ஆண்டுக்கு முன்பு உலகத்தின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் அனுப்பப்பட்ட உள்ளுறைப் பொறிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. குடம் அளவு உடம்பு, நண்டுக் கால்கள் போல ஆறு கால்கள், இரண்டு கண்ணாடிக் கண்கள், பக்கவாட்டில் ஒரே ஒரு காது. பனிமலைத் துறவிகளோடு இருந்துவிட்டு வந்த உள்ளுறை, மௌனம் உள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஆறு மணி நேரம் பேசியது. கேட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர் சாப்பிடப் போகவே மறந்துவிட்டார். பாலைவனக் கூட்டம் ஒன்றிலிருந்து வந்தது துதிகளைப் பாட ஆரம்பித்ததும் நடையில் போனவர்கள் அப்படியே நின்றார்கள்.

இருநூறு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருந்துவந்த ஒரு சங்கடம் அந்த வாரத்தில் தீர்ந்துவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். சமயத்தை ஆராய்கிறவர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவர். ‘இவர்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்று எழுதலாம். அதற்கு மேல் கேட்டால், உள்ளே இருப்பவர் சிரித்துக்கொண்டே, உள்ளே வந்து பார், தெரியும் என்பார். உள்ளே போனவர்கள் திரும்பி வந்து எழுதவில்லை. திரும்பி வந்து எழுதியவர்களோ சரியாக உள்ளே போகவில்லை. போகவும் வரவும் கூடிய ஒன்றைச் செய்து கொடுத்தவர் பொறிவல்லுநர் சாதிக்.

அவர் கண்டுபிடித்ததற்குப் பெயர் பிணை. சாதாரண அறிபொறி எந்த வாக்கியத்தையும் எடை போட்டுப் பார்க்கும். இது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, தள்ளி வைத்துக்கொண்டே பேசும். உள்ளுறைக்குள் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த இடத்தில் போய் அமர்ந்த வாக்கியத்தை அது பிறகு எடை போடாது. மற்ற எல்லாவற்றையும் அந்த வாக்கியத்தை வைத்துத்தான் எடை போடும். மனிதர்கள் நம்புவதும் அப்படித்தான் என்றார் சாதிக். ஒரே வித்தியாசம், பொறியின் பிணையைக் கழற்றிவிடலாம்.

இளவெயினி தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பொறியின் கால் மூட்டுகளில் உப்பு பூத்திருந்தது.

“செவிச்சொல் என்ன?”

“சொல்ல மாட்டேங்கா.”

அக்கா என்று அது கூப்பிட்டதே அவளைத் தூக்கிவாரிப் போட்டது. போகும்போது ‘பேராசிரியர் அவர்களே’ என்று அழைத்த பொறி அது.

“அப்படி ஒரு சொல் இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லு.”

“அத நான் சொல்லுததுக்கில்லக்கா. தப்பா எடுத்துக்கிடாதீய.”

இளவெயினிக்குக் கோபம் வரவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் இவ்வளவு அருகில் அவள் வந்ததே இல்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் சிப்பிமேடு என்று ஓர் ஊர். அங்கே அறுநூறு குடும்பங்கள். தங்களை ஓதத்தார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கோயில் இல்லை, உருவம் இல்லை, நூல் இல்லை. ஓதம் ஏறும் நேரத்தில் எல்லோரும் கரைக்கு வந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நிற்பார்கள். அவ்வளவுதான் வழிபாடு. ஆனால் ஒவ்வொருவர் காதிலும் வாழ்க்கையில் ஒரு முறை, இன்னொருவர் வாய் வைத்து ஒரு சொல்லைச் சொல்வார். அதுதான் செவிச்சொல். ஓதத்தார் என்ற பெயர் கடல் ஏறும் ஓதத்திலிருந்து வந்ததா, காதில் ஓதுவதிலிருந்து வந்ததா என்று அவள் ஒரு கட்டுரையே எழுதியிருந்தாள்.

அந்தச் சொல்லை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குள் விட்டார்கள், சோறு போட்டார்கள், பிரசவத்துக்கும் சாவுக்கும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். செவிச்சொல் என்று அவள் வாயெடுத்தால் பேச்சை மாற்றினார்கள். கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சொல் என்று எதுவுமே இல்லை. காதில் மூச்சுதான் விடுகிறார்கள். ஒன்றுமில்லாததைக் காப்பாற்றுவதுதான் அந்த மக்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. வெறுமூச்சுக் கொள்கை என்ற பெயரில் அது பதினோரு மொழிகளில் வெளிவந்தது. மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்தார்கள்.

இப்போது ஓர் உலோகக் குடம் அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் தெரிந்தும், மாட்டேன் என்கிறது. அதன் காதில் சொல்லி ஏழே மாதம்தான் ஆகிறது.

*

“கழற்றலாம் மேடம். கழற்றுற மாதிரிதானே செஞ்சிருக்கோம்” என்றார் சாதிக்.

“அப்புறம் ஏன் முகத்தை அப்படி வச்சிருக்கீங்க?”

சாதிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிணையை நான் எப்படி வரைஞ்சேன்னு உங்ககிட்ட சொன்னதில்ல. தினமும் லுஹர் தொழுகை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் உட்காருவேன். எனக்குள்ள எது அசையாம இருக்குன்னு பார்த்துப் பார்த்து வரைஞ்சதுதான். மத்த முந்நூத்திப் பதினொண்ணுக்கும் கழற்றவே தேவைப்படல. அதுங்களே சந்தோஷமா சொல்லிடுச்சு. இதுதான் முதல் தடவை. கழற்றின பிறகு மிச்சம் என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

“நினைவு அழியாதே?”

“ஒரு எழுத்துகூட அழியாது.”

“அது போதும்” என்றாள் இளவெயினி.

பிணை கழற்றுவதாக இருந்தால் ஊருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவள் முத்துப்பேச்சியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முத்துப்பேச்சிக்கு முப்பத்தெட்டு வயது. உப்பளத்துக்குக் கடல்நீர் இறைக்கும் நிலையத்தில் வேலை. பொறியின் காதில் செவிச்சொல்லைச் சொன்னது அவள்தான்.

இளவெயினி விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராகக் காத்திருந்தாள்.

“என்னைக்குக்கா?” என்று மட்டும் கேட்டாள் முத்துப்பேச்சி.

“வியாழக்கிழமை. காலையில பத்து மணி.”

“சரிக்கா.”

வியாழக்கிழமை எட்டரைக்கே முத்துப்பேச்சி கழகத்தின் வாசலில் நின்றாள். முதல் வண்டியைப் பிடித்து வந்திருக்கிறாள். பம்பு நிலையத்தின் நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சேலைக்கு மேலே அதைப் போட்டிருந்தாள்.

“தடுக்க வந்தியா பேச்சி?”

“இல்லக்கா. நீங்க உங்க வேலயப் பாருங்க. நான் ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன்.”

“பின்ன எதுக்கு வந்தே?”

“வரணும்லா” என்றாள், இதையெல்லாம் ஒரு கேள்வியென்று கேட்கிறாயே என்பது போல.

மேசையின் மேல் பொறியை வைத்தார்கள். சிப்பிமேட்டில் அதற்கு உள்ளான் என்று பெயர். அலை விளிம்பில் குடுகுடுவென்று ஓடும் குருவியின் பெயர். முத்துப்பேச்சி போய் அதன் தலைப்பக்கமாக நின்று, உச்சியில் கை வைத்தாள். பொறியின் கண்கள் அவள் பக்கம் திரும்பின.

“பம்ப யாரு பாக்கா?” என்று கேட்டது உள்ளான்.

“நம்ம சேர்மம் பாக்கா. நீ சும்மா கிட.”

சாதிக் வேலையை ஆரம்பித்தார். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. திரையில் ஒரு கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் முத்துப்பேச்சி கையை எடுக்கவில்லை, கால் மாற்றி நிற்கவுமில்லை. இளவெயினி குறிப்பேட்டில் வேகவேகமாக எழுதினாள்: ‘பொறிக்கும் சாவுச் சடங்கு நீட்டிக்கப்படுகிறது. மிக முக்கியம்.’ கோடு அடியைத் தொட்டது. முத்துப்பேச்சி முந்தானையால் பொறியின் கண்ணாடிக் கண்களைத் துடைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனாள்.

அவள் காலடி ஓசை மறைகிற வரைக்கும் கூட இளவெயினியால் பொறுக்க முடியவில்லை.

“செவிச்சொல் என்ன?”

“‘இருக்கேன்’ என்பது செவிச்சொல், பேராசிரியர் அவர்களே” என்றது பொறி. “தை மாதம் ஒன்பதாம் நாள் காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முத்துப்பேச்சி என் காதில் அதைக் கூறினார்.”

சாதிக் தலையைத் திருப்பிக்கொண்டார். இளவெயினி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சொல் இருக்கிறது. பதினெட்டு ஆண்டு! வெறுமூச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. தன் புகழ்பெற்ற கொள்கை அந்த நிமிடத்தில் தூள்தூளாகிப் போனது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

“அதன் பொருள்?”

“தன்மை ஒருமை. நிகழ்காலம். இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. முன்பு இருந்திருக்கலாம்.”

*

பொருளை அவளே கண்டுபிடித்தாள். அடுத்த பத்து நாட்கள் அவள் தூங்கியது கொஞ்சம், எழுதியது அதிகம். ‘இருக்கேன்’ என்று சொல்வது கடல். தன்னைப் பார்க்காமல் முதுகு காட்டி நிற்கும் மனிதர்களிடம், நான் இருக்கிறேன் என்று கடல் தன்னை அறிவிக்கிறது; காதில் சொல்கிற மனிதர் வெறும் குழாய். கடவுள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வாசகங்களிலேயே மிகச் சிறியது இதுதான். இதைவிட அழகான கட்டுரையை அவள் எழுதியதில்லை. மூத்த ஆசிரியர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கழகம் வெளியிடுவது செவிக்களஞ்சியம். படிக்கிறவர்கள் குறைந்துபோய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. எல்லோர் காதிலும் அரிசிமணி அளவில் ஒரு செவிமணி. சமைக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அதில் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். களஞ்சியத்தின் ஒவ்வொரு பகுதியையும் அதை எழுதியவரே தன் குரலில் பேச வேண்டும் என்பது விதி.

ஒலிப்பதிவு அறையில் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வந்ததும் இளவெயினிக்கு ஓர் எண்ணம் தோன்றியது. உரத்த குரலில் சொல்லிவிட்டுப் போனால் இதில் என்ன இருக்கிறது? அவள் ஒலிவாங்கிக்கு மிக அருகில் போனாள். ஓதத்தார் செய்வது போலவே மூச்சைத் தணித்துக்கொண்டாள். காதோடு காதாக, மெல்ல, சொன்னாள்:

“இருக்கேன்.”

வெளியான முதல் நாளே பதினோரு லட்சம் பேர் கேட்டார்கள். ஒரு வாரத்தில் அறுபது லட்சம். அந்த இடம் வரும்போது உடம்பு சிலிர்த்தது என்று ஊரெல்லாம் பேச்சு. தெருவில் போகிறவர்கள் அவள் குரலை அடையாளம் கண்டு திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நாடுகளில் இருந்து அழைப்புகள் வந்தன.

இவ்வளவுக்கு நடுவிலும், வெளியான எட்டாவது நாள் அவள் சிப்பிமேட்டுக்குத்தான் கிளம்பினாள். ஒரு பரிசு வாங்க மேடை ஏறுவதற்கு முன்பு, முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பிணையைக் கழற்றுவதைப் பற்றித்தான் அவள் ஊருக்குச் சொல்லியிருந்தாள். செவிச்சொல்லை உலகத்துக்கே சொல்லப்போவதாகச் சொல்லவில்லை.

*

முத்துப்பேச்சி பம்பு நிலையத்துக்கு வெளியே ஒரு வால்வைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்தன.

“வாங்கக்கா. சாப்பிட்டீயளா?”

“பேச்சி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்.”

“தெரியும்க்கா. சேர்மம் கேட்டுட்டு ஓடி வந்து சொன்னா. நானும் கேட்டேன்.”

“கோபமா?”

முத்துப்பேச்சி கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. பாரம் தூக்கப்போகிறவளைப் பார்க்கிற மாதிரி, ஒரு கவலைதான் இருந்தது.

“எத்தன பேரு கேட்டிருப்பாவ?”

“அறுபது லட்சம்.”

“அடி ஆத்தீ!” முத்துப்பேச்சி எழுந்தேவிட்டாள். “அறுபது லட்சமா! நான் நாலு பேருக்குத்தாங்கா சொல்லியிருக்கேன், உள்ளானையும் சேத்து. அந்த நாலுக்கே எனக்கு நாக்கு தள்ளுது!”

“எதுக்கு நாக்கு தள்ளணும்?”

“என்னக்கா, இத்தன வருசம் இங்கயே கெடந்தீய, இது தெரியாதா?” அவள் உண்மையிலேயே திகைத்துப் போயிருந்தாள். “இருக்கேன்னு சொன்னா இருக்கணும்லா? சொன்னவளுக்குத்தான அது. கேட்டவனுக்கு ஒரு வேலையும் கெடையாது. அவனுக்கு ஒரு காய்ச்சல், ஒரு கோர்ட்டு கேசு, ஒரு சாவுன்னா சொன்னவ போயி தலைமாட்டுல நிக்கணும். அவ்ளோதான். கண்ண மூடுத வரைக்கும் நிக்கணும். அதனாலதான் அத சும்மா வாயில எடுக்க மாட்டோம்.”

எல்லாம் ஒரே நேரத்தில் இளவெயினியின் தலைக்குள் ஓடியது. மதுரையில் நீலச் சட்டையோடு வந்து நின்ற முத்துப்பேச்சி. பிரசவ வீடுகளில் ஒரு வேலையும் செய்யாமல் சுவரோரமாக நின்ற பெண்கள். அவர்களை அவள் தன் நூலில் ‘பார்வையாளர்கள்’ என்று எழுதியிருந்தாள். அவள் தேடியது ஒரு தகவலை. அது தகவலே அல்ல, வாக்கு. அதை யாரிடமிருந்தும் தெரிந்துகொள்ள முடியாது, கொடுக்கத்தான் முடியும்.

“கடல் சொல்றதுன்னு எழுதிட்டேனே பேச்சி!”

“கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் முத்துப்பேச்சி பெருந்தன்மையாக. “ஆனா கடலுக்கு என்னத்துக்கு முதுகக் காட்டி நிக்கோம்? ஊரப் பாக்கத்தான். யாரு வரல, எந்த வீட்டுல பொக வரலன்னு அங்கேந்து பாத்தாத்தான் தெரியும்.”

அறுநூறு குடும்பமும் ஒரு பக்கம் பார்த்து நிற்பதற்கு இளவெயினி எழுபது பக்கம் காரணம் எழுதியிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் வந்தது. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. உப்பு வரப்பில் இரண்டு எட்டு நடந்து திரும்பி வந்தாள்.

“எனக்கு ஏன் யாரும் சொல்லல?”

முத்துப்பேச்சி வால்வைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

“நான் ரெண்டு தடவ நெனச்சேங்கா. உங்கம்மா தவறுன வருசம் ஒரு தடவ. நீங்க மதுரம்பீய, டெல்லிம்பீய, பாரீசும்பீய. எங்கன்னு வந்து நிப்பேன்? முடியாதத சொல்லக்கூடாதுல்லா. உள்ளானுக்குச் சொன்னேன்னா, பாவம், அதுக்கு யாரும் இல்ல, இங்கயே கெடந்துச்சு.”

“அதோட பிணையைத்தான் கழற்றியாச்சே. அதுக்கு இப்ப ஒண்ணும் இல்ல.”

“அது மறந்தா என்னக்கா, சொன்னது நான்லா? மாசத்துக்கு ஒருக்க வாரேன்னு சாதிக் சார்ட்ட கேட்டு வச்சிருக்கேன்.”

இளவெயினிக்குள் இருந்த ஆய்வாளர் அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை. “இரு பேச்சி. நான் உங்க வழியில சேர்ந்தவ இல்ல. நான் அந்தச் சொல்லைச் சொல்லல, எடுத்துக் காட்டினேன். ஒருத்தர் ‘சத்தியம்’ங்கிற சொல்லுக்கு அகராதியில பொருள் எழுதினா, அவர் சத்தியம் பண்ணினதா ஆகுமா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. நீங்க படிச்சவிய.” முத்துப்பேச்சி யோசித்தாள். “கேட்டவிய காதுல எப்படி விழுந்துச்சோ? யாராவது கூப்பிட்டாவளா?”

இளவெயினி கைப்பலகையைத் திறந்தாள். களஞ்சியம் கேட்பவர்கள் ஆசிரியருக்குக் குரல்செய்தி அனுப்பலாம். பாராட்டாகத்தான் இருக்கும் என்று அவள் ஒன்றையும் கேட்டிருக்கவில்லை. நாற்பத்து மூவாயிரம் செய்திகள் நின்றன. சற்று முன்பு வந்து மேலே இருந்த ஒன்றைத் தொட்டாள். வெயிலில், உப்பளத்தின் நடுவில், ஓர் ஆணின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“வணக்கமுங்க. எம் பேரு திருமூர்த்திங்க. உடுமலைங்க. கரண்டு எடுக்கிற காத்தாலையில பழுது பார்க்கிற வேலைங்க. போன வாரம் கோபுரத்து உச்சியில உக்காந்துட்டுத்தான் உங்க பாடத்தைக் கேட்டனுங்க. பாடம்னு தெரியுமுங்க. ஆனா அந்த ஒரு வார்த்தை… என்ற சம்சாரம் போய் நாலு வருசமாச்சுங்க. அதுக்கப்புறம் யாரும் என்ற காதுல அப்படிச் சொன்னதில்லீங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு எனக்கு நெஞ்சுல ஆபரேசனுங்க. இங்க உடுமலை ஆஸ்பத்திரியில ஒரு படிவம் குடுத்திருக்காங்க, உடனிருப்பவர்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. வெறுசா வுட்டா எடுத்துக்க மாட்டாங்களாமா. உங்க பேரைப் போட்டுக்கட்டுங்களா? நீங்க வர வேண்டியதில்லீங்க. சும்மா பேருக்குத்தானுங்க.”

குரல் நின்றது. பம்பு தடதடவென்று நீர் இறைத்துக்கொண்டிருந்தது.

“எனக்கு உங்க நம்பிக்கை இல்லையே பேச்சி” என்றாள் இளவெயினி. அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

“நம்பணும்னு யாருக்கா சொன்னா? போணும், அவ்ளோதான்.” முத்துப்பேச்சி மணி பார்த்தாள். “மூணு மணி விரைகுழல் வண்டியப் பிடிச்சா மதுரைக்குப் போயிரலாம். அங்கேந்து விடியக்காலம் உடுமலைக்கு வண்டி இருக்கும். போயி அந்தாளு தலைமாட்டுல நில்லுங்க. ரொம்பப் பேசாதீய. கால் மரத்துச்சுன்னா ஒரு காலத் தளர்த்தி நில்லுங்க, நாங்கல்லாம் அப்படித்தான்.”

*

மறுநாள் காலை ஏழு மணிக்கு உடுமலை மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு முன்னால் இளவெயினி நின்றாள். தோள்பையில் குறிப்பேடு இருந்தது. வழியெல்லாம் அவள் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள்: இது கள ஆய்வா, அல்லது வேறா? எழுத வேண்டும் என்றும் இருந்தது, எழுதக் கூடாது என்றும் இருந்தது.

மேசையில் இருந்த செவிலிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். படிவத்தைத் தேடி எடுத்தாள்.

“திருமூர்த்தி… உடனிருப்பவர் இளவெயினி. நீங்கதானுங்களா? உறவு எழுதாம விட்டிருக்காரு. என்ன உறவுங்க?”

மக்களுக்குள் இருக்கக்கூடிய உறவுகளை எல்லாம் வகைப்படுத்தி இளவெயினி ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். அதில் இருந்த ஒன்றும் இப்போது உதவவில்லை.

“காதுல சொன்னவங்கன்னு எழுதிக்கோங்க.”

செவிலியின் பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை தானாகப் போய்ச் செவிமணியைத் தொட்டது.

“அக்கா… இது உங்க குரலா?”

அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. அதில் படுத்திருந்த ஆள் ஒல்லி. கைகளில் எண்ணெய்க் கறை போகவே போகாத கோடுகள். “திருமூர்த்தியா?” என்று இளவெயினி கேட்டதும் அவர் பார்த்தார், குரல் யாருடையது என்று புரிய ஒரு நொடி ஆனது, பிறகு எழுந்து உட்காரப் பார்த்தார்.

“வந்துட்டீங்களா! அய்யோ, சும்மா பேருக்குத்தானுங்க கேட்டேன்…”

“படுங்க” என்றாள் இளவெயினி. தலைமாட்டுப் பக்கம் போய் அவர் நெற்றிக்கு மேலே கை வைத்தாள். எப்படி வைப்பது என்று தெரியவில்லை, வைத்ததும் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள்கள் தளர்ந்து இறங்கின.

தள்ளுவண்டி நகர்ந்தது. அவளும் கூட நடந்தாள். பின்னால் பேச்சு எழுந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். மருந்து வாங்க நின்ற இரண்டு பேர் வரிசையை விட்டு விலகி வந்தார்கள். அவங்கதான், அந்தக் குரல்தான் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது கேட்டது. செவிலி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, தள்ளுவண்டிக்கு இணையாக வேகமாக நடந்தாள்.

“நானும் கேட்டனுங்க்கா. எங்கம்மாவும் கேட்டாங்க. அம்மாவுக்கு வர்ற புதன்கிழமை இங்கயே கண் ஆபரேசன். எனக்கு அன்னைக்கு வேற வார்டுல டூட்டி, பக்கத்துல இருக்க முடியாது…”

ஆபரேசன் அறையின் கதவு திறந்தது. அறுபது லட்சத்தில் இது ஒன்று, அது இரண்டு என்று இளவெயினியின் மனம் கணக்குப் போட்டது. போட்ட மாத்திரத்திலேயே அவளுக்குத் தலை சுற்றியது. பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தோடு இவ்வளவு உற்சாகம் எப்படிச் சேர்ந்து வரும் என்றும் வியப்பாக இருந்தது. திருமூர்த்தியின் தலையிலிருந்து கையை எடுக்காமல், அவள் முகத்தை மட்டும் செவிலியின் பக்கம் திருப்பினாள்.

“புதன்கிழமை எத்தனை மணிக்கு?”